சோதனை முடியும் முன்பே கோதுமையை விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 34. ஊர் கீழக்கரை. இரண்டு வருடமாக வயிறு உப்புசம், வாரத்தில் மூன்று நாளாவது பேதி, எந்நேரமும் அசதி. ஹீமோகுளோபின் 8.9. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. மாமனாருக்குச் சுகர் என்பதால் ஐந்து வருடமாக வீட்டில் எல்லோருக்கும் இரவில் சப்பாத்திதான். ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் 'சீலியாக் நோயாக இருக்கலாம்' என்று ரத்தம் எடுத்தார். டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. 27 வந்தது. 20 வரை இயல்பு என்று போட்டிருக்கிறது. அப்புறம் மதுரையில் எண்டோஸ்கோப்பி செய்து குடலில் இரண்டு துண்டு எடுத்தார்கள். 'மார்ஷ் 1, உறுதியாகச் சொல்ல இயலாது' என்று ரிப்போர்ட் வந்தது. அதற்கு முந்தைய ஆறு வாரம் நான் சப்பாத்தியை நிறுத்தியிருந்தேன். காலையில் ரவை உப்புமா, சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் மட்டும் வழக்கம்போல். ஒரு டாக்டர் சீலியாக் இல்லை என்கிறார். இன்னொருவர் விட்டுத்தான் பாருங்களேன் என்கிறார். கடந்த நோன்பு மாதம் சப்பாத்தியே தொடவில்லை, கஞ்சியும் சம்சாவும்தான். வயிறு நன்றாக இருந்தது. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவதுண்டு. சோறும் மீனும் இருக்கிற ஊரில் கோதுமை எதற்கு, ஒரேயடியாக விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. விடலாமா? எட்டு வயது மகனுக்கும் நிறுத்த வேண்டுமா?

பதில்:

சகோதரி, முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். இப்போது விடாதீர்கள். இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் கோதுமையைச் சாப்பிடுங்கள், சோதனைகளை ஒழுங்காக முடியுங்கள், அதன் பிறகு முடிவெடுங்கள். வயிற்றை வாட்டும் பொருள் என்று நீங்களே சந்தேகப்படுவதைத் தின்னச் சொல்கிறேன், அது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சீலியாக் என்பது ஒவ்வாமை இல்லை, வெறும் அஜீரணமும் இல்லை. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் சிறுகுடலையே தாக்கும் நோய் அது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்பீர்கள். அவை மெல்ல மெல்லத் தேய்ந்து மழுங்கிப் போகும். இரும்புச்சத்தை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் ஆரம்பப் பகுதி. இந்த நோய் முதலில் கை வைப்பதும் அங்கேதான். இரும்பு மாத்திரை பலிக்காத இரத்தசோகை என்றதும் ராமநாதபுரத்து டாக்டர் இந்தத் திசையில் யோசித்தது மிகச் சரியான வேலை. நம் பக்கத்தில் பலர் அதை யோசிப்பதே இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கிற சோதனைகள் எல்லாம் அந்தச் சண்டையின் தடயங்களைத்தான் தேடுகின்றன. ரத்தத்தில் பார்ப்பது சண்டைக்காக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை. பயாப்சியில், அதாவது குடலில் எடுத்த துண்டில், பார்ப்பது சண்டையால் வந்த சேதத்தை. கோதுமையை நிறுத்தினால் சண்டை ஓயும், எதிர்ப்பொருள் சில மாதங்களில் வடியும், குடல் ஆறத் தொடங்கும். உங்களைப் போல லேசான மாற்றம் இருப்பவர்களுக்குச் சில வாரங்களிலேயே தடயம் மங்கலாம். அப்புறம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 'எல்லாம் நார்மல்' என்றுதான் வரும். நோய் இல்லாததால் நார்மலா, கோதுமையை விட்டதால் நார்மலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

என்னிடம் வந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கடற்கரைக்காரர்தான். தானாகவே கோதுமையை விட்டு ஒரு வருடம் கழித்து வந்தார். நன்றாக இருந்தார், ஆனால் தனக்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தெரிய வேண்டுமானால் திரும்பச் சாப்பிட வேண்டும் என்றேன். இரண்டே நாள் சாப்பிட்டுப் பார்த்தார், வயிறு கலங்கியது, போதும் என்று போய்விட்டார். இன்றைக்கும் அவருக்குச் சீலியாக் உண்டா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருடைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்றும் தெரியாது. விட்ட பிறகு திரும்பத் தொடங்குவது அவ்வளவு கஷ்டம். நீங்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பரீட்சையை எழுத உங்களுக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

சரி, கையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம்.

டி.டி.ஜி. என்பது நான் சொன்ன அந்த எதிர்ப்பொருளின் அளவு. 27 என்பது எல்லைக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்த மாதிரி. எல்லையைப் போல பத்து மடங்குக்கு மேல் வந்தால் சந்தேகத்துக்கே பெரிதாக இடமில்லை. குழந்தைகளுக்கு அப்படி வந்து, இன்னொரு ரத்தச் சோதனையும் ஒத்துப்போனால், பயாப்சி இல்லாமலே முடிவு சொல்லிவிட ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. உங்களுடையது ஒன்றரை மடங்குகூட இல்லை. கல்லீரல் கோளாறு, எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் வேறு நோய்கள், சில தொற்றுகள் இவற்றிலும் இப்படி லேசாக ஏறும்.

இதில் நம் ஊர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வில், வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் சீலியாக் இருந்தது. தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு. வித்தியாசம் தட்டில் இருந்தது: அவர்கள் கோதுமை, நாம் அரிசி. இப்போது யோசியுங்கள். நூறு பேரில் இரண்டு பேருக்குத் தவறாக 'உண்டு' என்று காட்டுகிற சோதனையை நம் கடற்கரையில் ஆயிரம் பேருக்குச் செய்தால், உண்மையான நோயாளி ஒருவர் இருப்பார், பொய்யாக மாட்டிக்கொண்டவர் இருபது பேர் இருப்பார்கள். உங்களுக்கு இரத்தசோகையும் பேதியும் இருப்பதால் நீங்கள் அந்த ஆயிரத்தில் சும்மா ஒருவர் கிடையாது, உங்கள் வாய்ப்பு அதைவிட நிச்சயம் அதிகம். ஆனாலும் லேசான ஒரு எண்ணை மட்டும் வைத்து ஆயுள் முழுக்கப் பத்தியம் எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வராது. அதே சமயம், இதே காரணத்தைச் சொல்லி 'நம்ம ஊர்ல அதெல்லாம் வராது' என்று ஒதுக்குவதும் தப்பு. ஐந்து வருடமாக ராத்திரி தவறாமல் சப்பாத்தி தின்கிற குடும்பம் உங்களுடையது. சுகருக்காகச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் நம் பக்கம் எத்தனை! தட்டு மாறிவிட்டது.

பயாப்சியைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. சீலியாக் குடலில் பல நேரம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதனால் முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழில் ஒன்றிரண்டும், அதைத் தாண்டிய பகுதியில் குறைந்தது நான்கும் துண்டு எடுக்க வேண்டும். இரண்டே துண்டு என்பது, வலையை ஒரே இடத்தில் இரண்டு தடவை வீசிவிட்டுக் கடலில் மீனே இல்லை என்பது போல. மார்ஷ் 1 என்றால் உறிஞ்சிகள் நன்றாக நிற்கின்றன, அவற்றின் மேல்தோலில் வெள்ளணுக்கள் மட்டும் கூடியிருக்கின்றன என்று அர்த்தம். சீலியாக்கின் தொடக்கமாகவும் இருக்கலாம். வயிற்றில் எச்.பைலோரி கிருமி இருந்தாலும் இப்படி வரும், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருந்தாலும் வரும், வலி மாத்திரையாலும் வரும்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். டைக்ளோபினாக், ஐப்யூப்ரோபென் வகை மாத்திரைகள் குடலில் இதே வெள்ளணு மாற்றத்தைக் காட்டும்; அதோடு, கண்ணுக்குத் தெரியாமல் குடலில் ரத்தம் கசிய வைத்து இரும்புச்சத்தையும் இறக்கும். அதாவது உங்கள் இரத்தசோகை, மார்ஷ் 1 இரண்டுக்குமே அந்த மாத்திரை ஒரு காரணமாக இருக்க வாய்ப்புண்டு. இன்றைக்கே நிறுத்துங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. கூச்சப்படாமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், இரத்தசோகைக்கு அதைவிடச் சாதாரணமான காரணம் வேறில்லை. பிரஷருக்கு ஓல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவர்களுக்குச் சீலியாக்கைப் போலவே குடல் மழுங்குவதுண்டு. உங்களுக்கு அந்த மருந்து இல்லை என்றே நினைக்கிறேன், இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

தென்னிந்தியாவில் காணப்படும் இன்னொரு நோயையும் விட்டுவிடக் கூடாது. டிராப்பிகல் ஸ்ப்ரூ என்று பெயர். 1960களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் நம் கிராமங்களில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பேதி, இளைப்பு, இரத்தசோகை, மழுங்கிய குடல் என்று சீலியாக்கின் சாயல் அப்படியே இருக்கும். ஆனால் வைத்தியம் வேறு: போலிக் அமிலமும், டெட்ராசைக்ளின் வகை மருந்தும் சில மாதம். கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் கோதுமையை விட்டுவிட்டு 'வைத்தியம் நடக்கிறது' என்று இருந்துவிட்டால், மாத்திரையில் குணமாகக்கூடிய ஒரு நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். முன்கூட்டியே விடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நோன்பு மாதம். நன்றாக இருந்தது என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் சம்சாவின் மேல்தோல் எதில் செய்தது? மைதா. மைதா என்பது தவிடு நீக்கி அரைத்த கோதுமைதான். ரவை உடைத்த கோதுமை. சேமியா பெரும்பாலும் மைதா அல்லது ரவையில் செய்தது. பிஸ்கட், பன், ரஸ்க், பரோட்டா எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஆக நீங்கள் நோன்பு மாதம் முழுக்கத் தினமும் கோதுமை சாப்பிட்டிருக்கிறீர்கள், வயிறும் நன்றாக இருந்திருக்கிறது! பகல் முழுக்க வயிறு காலியாக இருந்தது, நாலு வேளை டீ குறைந்தது, சாப்பாட்டு நேரம் மாறியது. எது உதவியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எண்டோஸ்கோப்பிக்கு முந்தைய ஆறு வாரமும் அப்படியே. ரவையும் பிஸ்கட்டும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தன. இது ஒரு வகையில் நல்லது, அந்த பயாப்சி முழுக்க வீணாகவில்லை. ஆனால் வழக்கத்தைவிடக் கோதுமை குறைந்த நேரத்தில் எடுத்தது என்பதால் முழுசாக நம்பவும் முடியாது.

கோதுமையை விட்டதும் வயிறு லேசாவது சீலியாக் இல்லாதவர்களுக்கும் நடக்கும். கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, பிரக்டான் என்ற ஒரு வகை மாவுச்சத்தும் இருக்கிறது. அது பெருங்குடலில் புளித்து வாயுவைக் கிளப்பும். வெங்காயம், பூண்டிலும் அதே சத்து உண்டு. ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் கோளாறு உள்ளவர்களுக்குச் சப்பாத்தியை விட்டால் சுகமாவது பெரும்பாலும் இதனால்தான். அவர்கள் ஒரு துளி மாவுக்குப் பயந்து வாழ வேண்டியதில்லை.

வில்லெம் டிக்கே என்று நெதர்லாந்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு நிலைநாட்டியவர் அவர்தான். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்த நாட்டில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி சுருண்டார்கள். அவர் அதோடு விடவில்லை. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் அளந்து பார்த்து, 1950இல்தான் ஆய்வேடாக எழுதினார். விட்டபோது தேறியது பாதி ஆதாரம், சேர்த்தபோது விழுந்தது மீதி ஆதாரம். உங்களிடம் இப்போது அந்த முதல் பாதிகூடச் சரியாக இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளை முதல் தினமும் இரண்டு சப்பாத்தி. ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் சுமார் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். சோதனைக்குத் தேவையான அளவு அதில் வந்துவிடும். முடிந்தால் ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரம் என்கிறது. காலண்டரில் தேதியை வட்டமிட்டு, அந்த வாரத்துக்கு டாக்டரிடம் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். முடிவு தேதி இல்லாமல் 'சாப்பிட்டுக்கொண்டிருங்கள்' என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். பேதி கடுமையாகி எடை இறங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள், இரண்டு வாரம் தாண்டியிருந்தால் அப்போதே ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். இதற்கிடையில் கரு தரித்திருப்பதாகச் சந்தேகம் வந்தாலும் இந்தத் திட்டத்தைத் தனியாகத் தொடராதீர்கள்.

ஆறு எட்டு வாரம் கூடுதலாகச் சாப்பிடுவதால் குடல் கெட்டுப்போகாதா என்ற பயம் நியாயமானது. சீலியாக்கால் எலும்பு தேய்வது, கரு தங்காமல் போவது, அபூர்வமாகக் குடல் புற்றுநோய் வருவது எல்லாம் வருடக்கணக்கில் கண்டுபிடிக்காமல் விட்டால் வருகிறவை. ஐந்து வருடம் தின்ற உங்களுக்கு இந்த இரண்டு மாதம் அந்தக் கணக்கில் பெரிதில்லை. இரத்தசோகைக்கு மட்டும் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள். இரும்புச்சத்து ஏற்றுவதால் சீலியாக் சோதனை எதுவும் கெடாது. மாத்திரை பலிக்கவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். மாத்திரையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். டீ இரும்பைக் குடலுக்குள் விடாது.

தேதி வந்ததும் என்னென்ன சோதனை? டி.டி.ஜி.யைத் திரும்பப் பார்க்க வேண்டும். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவு. ஐ.ஜி.ஏ. என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. உங்கள் ரிப்போர்ட்டில் அது இருப்பதாகத் தெரியவில்லை. சிலருக்கு உடம்பிலேயே ஐ.ஜி.ஏ. குறைவு, அவர்களுக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. பொய்யாகக் குறைந்து காட்டும். அப்போது டி.ஜி.பி. ஐ.ஜி.ஜி. என்ற மாற்றுச் சோதனை தேவைப்படும். அப்புறம் ஈ.எம்.ஏ. என்ற இன்னொரு எதிர்ப்பொருள் சோதனை; இது லேசான டி.டி.ஜி. உண்மையா பொய்யா என்று பிரிக்க மிகவும் உதவும். மலத்தில் ஜியார்டியா, வயிற்றில் எச்.பைலோரி, ரத்தத்தில் பெரிட்டின் (இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, போலேட், தைராய்டு இவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எச்.எல்.ஏ. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறது. செலவு கூடுதல்தான், ஆனால் ஆயுளுக்கு ஒரு தடவை. கோதுமை சாப்பிட்டாலும் விட்டாலும் முடிவு மாறாது. இரண்டுமே இல்லை என்று வந்தால் சீலியாக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, கோதுமைப் பேச்சை மூடிவிட்டு வேறு காரணத்தைத் தேடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் பதறாதீர்கள். நம் ஜனங்களில் மூன்றில் ஒருவருக்கு அந்த மரபணு உண்டு, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. உங்களைப் போல இரண்டுங்கெட்டான் ரிப்போர்ட்டோடு நிற்பவர்களுக்கு இந்தச் சோதனை செலவுக்கு ஏற்ற பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு சப்பாத்தி தொடங்கும் முன்பே இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. 'இல்லை' என்று வந்துவிட்டால் மீதி அலைச்சலே மிச்சம்.

பழைய பயாப்சியின் ஸ்லைடும், துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் செய்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். எழுதிக் கேட்டு வாங்கி, குடல் பயாப்சி நிறையப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். இதற்கு நீங்கள் மதுரைக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை, வீட்டில் யாராவது போனால் போதும். ஈ.எம்.ஏ. உண்டு என்று வந்தாலோ டி.டி.ஜி. ஏறினாலோதான் மறுபடி எண்டோஸ்கோப்பி. அப்போது படுக்கையில் படுக்கும் முன்பே 'நாலு துண்டு அந்தப் பக்கம், ரெண்டு துண்டு குமிழில்' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் செய்து, மறுபடியும் நடுவிலேயே நின்றால்? நடக்கக்கூடியதுதான். எதிர்ப்பொருள் உண்டு, குடல் நன்றாக இருக்கிறது என்று ஒரு நிலையே இருக்கிறது. அப்போது நானே உங்களிடம் 'சரி, இப்போது விடுங்கள்' என்று சொல்லக்கூடும். ஆனால் அது நீங்கள் இன்று நினைக்கிற விடுதல் கிடையாது. சோறும் மீனும் இருக்கிற ஊர், கோதுமை எதற்கு என்கிறீர்கள். பாதி உண்மை. நானும் அந்தக் கரையில் வளர்ந்தவள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், சோறும் மீன் ஆணமும், குதிரைவாலியும் கேழ்வரகும், பனங்கிழங்கும், வட்டலப்பமும், அரிசி மாவில் கிண்டிய தொதலும், எதிலும் குளூட்டன் இல்லை. உலகத்தில் எத்தனையோ சீலியாக் நோயாளிகள் ஏங்குகிற சாப்பாடு நமக்கு இயல்பிலேயே இருக்கிறது.

கஷ்டம் ஒளிந்திருக்கிற இடங்களில். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்தால் எழுதியிருப்பார்கள். குழந்தைக்குக் கிண்டும் சத்துமாவில் பல வீடுகளில் கோதுமையை வறுத்துச் சேர்ப்பார்கள். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. ஹோட்டல் மீன் வறுவலிலும் சிக்கன் 65இலும் மைதா பிசறியிருக்கலாம். பிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே பரோட்டாக் கல். அதே கல்லில், அதே தோசைக் கரண்டியால் சுட்ட தோசையில் அரிசியும் உளுந்தும்தான் இருக்கும், கூடவே அந்தக் கல்லில் ஒட்டிய மைதாவும் வரும். கல்யாண வீட்டில் ஒரு சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்துக் கை பரோட்டாவைப் பிய்த்த கையாக இருக்கும். சீலியாக் உறுதியானால் இவ்வளவையும் ஆயுளுக்கும் பார்க்க வேண்டும். ஒரு பொருளில் 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள். 'இருக்கலாம்' என்று மட்டும் தெரிந்தவர்களால் இந்தக் கட்டுப்பாட்டைப் பிடித்து நிற்க முடிவதில்லை என்பதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணம், ஒரு பெருநாள், 'ஒண்ணே ஒண்ணுதானே' என்று ஒரு சம்சா. நோய் இருந்தால் பாதிப் பத்தியம் குடலை ஆற விடாது, சோதனையிலும் சரியாகப் பிடிபடாது. இரண்டு பக்கமும் நஷ்டம். தீர்ப்பு கையில் இருப்பவர்களோ சபையில் நிமிர்ந்து 'எனக்கு ஆகாது' என்று சொல்கிறார்கள், மாமியார் வீட்டாரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதனால் அப்படி ஒரு கட்டம் வந்தால் டாக்டரோடும், உணவியல் தெரிந்தவரோடும் உட்கார்ந்து பேசி, தொடங்கும் தேதி போட்டு, முழுக்க விட்டு, ஆறு மாதத்தில் ஹீமோகுளோபினும் டி.டி.ஜி.யும் என்ன ஆயின என்று அளந்து பார்ப்போம். இரண்டும் சரியான திசையில் நகர்ந்தால் அது நல்ல சாட்சி.

இன்னொன்று, உங்கள் வீட்டில் ஐந்து வருடமாகச் சப்பாத்தி வந்த காரணம் மாமனாரின் சுகர். இந்த எட்டு வாரத்துக்குப் பிறகு உங்களுக்குக் கோதுமை கூடாது என்று முடிவானால் அவருக்குத் தனியாகச் சுடுவதா என்று கவலைப்படுவீர்கள். சப்பாத்தியானாலும் சோறானாலும் அவருக்கு அளவுதான் முக்கியம். கையளவு சோறும் நிறையக் காயும் மீனுமாக அவருடைய டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள முடியும். ஒரே அடுப்பு, ஒரே சமையல் போதும்.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். அவனுக்கு இப்போது எதையும் நிறுத்தாதீர்கள். உங்களுக்குச் சீலியாக் உறுதியானால், பெற்றவர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் பத்தில் ஒருவர் வரைக்கும் அது இருக்கலாம் என்பதால் அவனுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்ப்போம், அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும்கூட. அன்றைக்கும் அவன் கோதுமை சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம். அவன் வயதுக்குத் தக்க உயரமும் எடையும் ஏறுகிறதா என்று மட்டும் இப்போது குறித்து வையுங்கள். ஏறவில்லை என்றால் உங்கள் முடிவுக்குக் காத்திராமல் அவனை முதலில் அழைத்து வாருங்கள். மற்றபடி அவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பன்னை அப்படியே கொடுத்தனுப்புங்கள்.